சத்து மாத்திரையில் சரிபாதி

என் வீட்டுக்காரருக்குச் சத்து மாத்திரை என்றாலே இளக்காரம். அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். வாடிப்போன கிடாய்க்குச் சந்தைக்கு முந்தின நாள் சத்து ஊசி போட்டு ஓட்டி வருகிற ஆட்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கிடாய் சந்தையில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வாங்கியவன் வீட்டு வாசலில் இறக்கியதும் படுத்துக்கொள்ளும். அதற்கு அவர் வைத்த பெயர் ஊசிக் கிடா. எங்கள் சொந்தத்தில் யாராவது தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தால்கூட என் காதோரம் குனிந்து, "ஊசிக் கிடா வருது பாரு" என்பார். அப்படிப்பட்ட மனிதர் வைட்டமின் ஆராய்ச்சியில் போய்ச் சேர்ந்தார் என்றால் அவரை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

நோய் அவருடைய வலது கையில்தான் முதலில் வந்து உட்கார்ந்தது. கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும். பீடி சுற்ற எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று நான் கேலி செய்தேன். பிறகு சட்டைப் பொத்தான் போட அவருக்கு நேரம் பிடித்தது. நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

மற்றவர்களுக்குக் கை ஆடினால் காப்பி சிந்தும், கையெழுத்து கோணும். இவருக்குப் பிழைப்பே கையில் இருந்தது. அய்யலூர்ச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேசுகிற தரகர்களும் உண்டு. இவர் துண்டுக்குள் பேசுகிறவர். வாங்க வந்தவரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைத் தொட்டும் அழுத்தியும் விலை சொல்வார். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது அவர்களுக்குள் இருக்கிற கணக்கு. சந்தையே சுற்றி நின்று பார்த்தாலும் அந்த இரண்டு கைகளைத் தவிர யாருக்கும் விலை தெரியாது.

ஒரு வியாழக்கிழமைச் சந்தையில், அவரிடம் வெகுகாலமாக ஆடு எடுக்கிற கறிக்கடைக்காரர் ஒருவர் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு, "அண்ணே, நீங்க விரல ஆட்டிக்கிட்டே இருந்தா நான் எம்புட்டுன்னு எடுத்துக்க?" என்று கேட்டாராம். கேலியாகக் கேட்கவில்லை, அவர் மரியாதை தெரிந்த ஆள். அதற்குப் பிறகு எல்லோரும் இவருக்கு மட்டும் காதோரம் வந்து வாயால் விலை சொல்ல ஆரம்பித்தார்கள். உதவி செய்வதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். இவர் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். வியாழக்கிழமை விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலியைப் போட்டு, திருச்சி ரோட்டில் ஆட்டு வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வியாழக்கிழமைகளில் மட்டும் அதைச் சீக்கிரமே திறக்கக் கிளம்பிவிடுவேன்.

மதுரையில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை கேட்கத்தான் செய்தது. ஆனால் ஒரு நாள் கேட்டால் மறுநாள் கேட்காது. இவரும் மாத்திரையை நினைத்த நேரத்தில், கறிச்சோற்றுக்கு நடுவில், தண்ணீர் குடிக்கிற சாக்கில் விழுங்குகிற ஆள். நான் சொன்னால் நான் சொல்வதாலேயே செய்ய மாட்டார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் எனக்குப் பழகிப்போன விஷயம் இது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஒரு பெண் டாக்டர், எங்கள் மகள் வயதிருக்கும், அந்த ஆராய்ச்சியைப் பற்றி எங்களிடம் சொன்னார். வழக்கமான மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதோடு கூடுதலாக வைட்டமின் மாத்திரை ஒன்று தருவார்கள். நரம்புக்குக் கொடுக்கிற பி வகை வைட்டமின்தான், ஆனால் அளவு பெரியது. அது இந்த நோய்க்கு ஏதாவது செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்குத்தான் வைட்டமின். மீதிப் பேருக்கு அதே அளவில், அதே நிறத்தில், உள்ளே மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும்.

"இவருக்கு எது வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா, இவரு வைட்டமின் சாப்புடுறவருன்னு நெனச்சே நல்லாயிருக்குன்னு எழுதிருவேன். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் எங்களுக்கே சொல்லுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து, மதுரை வரை வந்து வெறும் மாத்திரையை வாங்கிப்போவதற்கு எங்களுக்கு என்ன தலையெழுத்து என்று நினைத்தேன். முகத்திலும் காட்டியிருப்பேன், நான் முகத்தில் மறைக்கத் தெரிந்தவள் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

"துண்டு போட்டுப் பேசுறாக புள்ள" என்றார் என்னிடம். "நடுவுல தெரிஞ்சுக்கக் கூடாது. துண்டைத் தூக்கிப் பாத்துட்டா அப்புறம் யாவாரம் இல்ல." பிறகு டாக்டரிடம், "எங்கம்மா கையெழுத்துப் போடணும்? கோணிக்கிட்டுப் போகும், பரவாயில்லையா?" என்று கேட்டார்.

அன்றைக்கே அங்கே கையெழுத்துப் போட்ட இன்னொருவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருந்து, மகனிடம் விட்டுவிட்டவர். அவருக்கு நோய் கையைவிடக் காலில்தான் அதிகம். வாசற்படியைக் கண்டால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், எடுத்து வைக்க வராது. மாதா மாதம் அவர் திண்டுக்கல் வந்து இறங்குவார், மூன்று பேருமாக மதுரை பஸ் ஏறுவோம். பஸ் படிக்கட்டில் அவர் கால் ஒட்டிக்கொண்டால் கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, "ஏறுங்க மாப்ள, கேரளா லோடு கெளம்பிருச்சு" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிவிடுவார். எந்த உறவு முறையில் மாப்பிள்ளை ஆனார் என்று எனக்குத் தெரியாது. இவர் வாயில் ஒருவர் மாப்பிள்ளை ஆகிவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிச் சோதனைகள்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாக விரித்து வேகமாகத் தட்ட வேண்டும். கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். வராந்தாவில் போய்த் திரும்பி வர வேண்டும். டாக்டர் பின்னால் நின்று தோளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார், விழாமல் நிற்க வேண்டும். இத்தனை மெல்லிய பெண் இவரை எங்கே தாங்கப் போகிறது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் பதைக்கும். பழைய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும், கறியோடு சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னார். வருடக்கணக்கில் நான் கத்தியதை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் சாதித்துவிட்டாள். ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னதாயிற்றே, இவர் மணி பார்த்து மாத்திரை போட ஆரம்பித்தார்.

கொஞ்ச மாதத்தில் கை அடங்க ஆரம்பித்தது. இது என் ஆசைக்குத் தெரிந்த மாற்றமில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். முருங்கைக்காயைப் பிடித்து ஒடித்து நார் உரித்துக் கொடுத்தார். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்துக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லி, டப்பாவைத் திறந்து தானே விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டார், இலையில் சிந்தாமல். எனக்குச் சந்தேகமே இல்லை. இவருக்கு வந்திருப்பது நல்ல மாத்திரைதான் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். வெளியில் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அந்த மாதத்து மாத்திரை டப்பாக்களை வாங்கிவிட்டு, இரண்டு பேரையும் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் கை கோத்திருக்கிறார்கள், மேலே என் வீட்டுக்காரரின் துண்டு. துண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பதும் தலையாட்டுவதுமாக இருந்தார். இவர் முகத்தில் சந்தைக் களை வந்திருந்தது. துண்டுக்குள் கையை வைத்து இவரை நான் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெந்நீர்க் குழாய்ப் பக்கம் செத்த நேரம் நின்றுவிட்டு, அவர்கள் துண்டை எடுத்த பிறகுதான் பக்கத்தில் போனேன்.

"என்ன, விளையாட்டா?" என்று கேட்டேன்.

"சும்மா, கை பேசுதான்னு பாத்தோம்" என்றார் இவர்.

"நல்லா பேசுதுங்க அக்கா" என்றார் மண்டிக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் அய்யலூருக்கு பஸ் ஏறினார். நான் கடையில் உட்கார்ந்து எதை நகல் எடுத்தேன், யாருக்கு மீதி கொடுத்தேன் என்று எதுவும் நினைவில்லை. மத்தியானம் வந்தார், மேலெல்லாம் ஆட்டு வாடை. நேராக வீட்டுக்குப் போகாமல் என் கடை வாசலில் வந்து நின்றார். ஒரு தாயாட்டையும் குட்டியையும் முடித்துக் கொடுத்ததாகச் சொன்னார். "வாயைத் தொறக்கல. கையிலயே முடிஞ்சுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் எங்கள் மகள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக்கூடப் படவில்லை, அவள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்படி வாரம் தவறாமல் சந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் மண்டிக்காரரின் சம்சாரம் எனக்கு போன் செய்தார்.

"ஏனுங்க அக்கா, அவுங்களுக்குக் காச்சலுங்க. இந்த மாசம் டப்பா வாங்கிட்டு அப்புடியே வந்துட்டாங்க, உங்க ஊட்டுக்கு வர முடியலீங்க. மாத்தரையக் கலக்கோணுமில்லீங்களா, நாளைக்கு நம்ம தக்காளி வண்டி திண்டுக்கல் வருதுங்க, அதுல டப்பாவைக் குடுத்து உடட்டுங்களா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எதைக் கலக்கணும்?" என்றேன்.

"அதானுங்க, அந்த ஆராய்ச்சி மாத்தரைங்க. மாசாமாசம் ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து பாதிப் பாதி எடுத்துக்கறாங்கள்ள. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

வராந்தா பெஞ்சில் துண்டுக்குள் நடந்தது என்ன வியாபாரம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மதுரையிலிருந்து திரும்பும்போது மண்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு ஒட்டன்சத்திரம் போவது வழக்கமாகியிருந்தது. நான் அடுப்படியில் காப்பி போடுகிற நேரத்தில் கூடத்தில் இரண்டு பேரும் டப்பாக்களைத் துண்டில் கொட்டிக் கலந்து பங்கு போட்டிருக்கிறார்கள். நானோ பலகாரம் வேறு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறைக்கவில்லை.

"ரெண்டு பேரு சேந்து கூட்டுக்கு ஆடு புடிச்சா என்ன செய்வாக? நல்லதையெல்லாம் ஒருத்தனும் நோஞ்சானையெல்லாம் ஒருத்தனுமா ஓட்டிக்கிட்டுப் போவாக? கலந்து விட்டுத்தான் பிரிப்பாக. அவருக்கு நல்லது வந்து எனக்கு வெத்து வந்தா என் பாடு என்ன? எனக்கு நல்லது வந்து அவருக்கு வெத்து வந்தா, அந்தாளு மொகத்துல நான் எப்புடி முழிக்க?"

"துண்டைத் தூக்கிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"பாத்தமா? ஒரு மாத்தரையவாவது ஒடச்சுப் பாத்தமா? எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கலந்தோம், அம்புட்டுத்தான்."

மனிதர் ஒரு குறையும் செய்ததாக நினைக்கவில்லை. எனக்கு முதலில் வந்த கோபம் ஆராய்ச்சிக்காக வந்த கோபமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வந்த நல்ல மாத்திரையில் பாதியை ஒட்டன்சத்திரத்துக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாரே என்ற கோபம்தான். பாதியைக் கொடுத்த பிறகும் கை இப்படி அடங்கியிருக்கிறதென்றால் முழுசும் இவரே சாப்பிட்டிருந்தால் எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். "டாக்டர்ட்ட சொல்லணும்" என்று வாய் சொன்னது, ஆனால் மனசு அதில் இல்லை. சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இப்போதுதான் திரும்பி வந்த கை.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றவன் மனுசனே இல்ல" என்றார் இவர். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த மாதம் தக்காளி வண்டியில் டப்பா வந்தது, கலந்து பாதி திரும்பிப் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஆஸ்பத்திரிக் காகிதம் நகல் எடுக்க வருகிறவர்கள். நான் படிக்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் படித்துவிடும். அப்படி ஒரு பெண் தன் அப்பாவின் காகிதங்களைக் கொண்டு வந்தாள். கீரனூர்ப் பக்கம் விவசாயம் என்றாள். அப்பா கடைக்கு வெளியே நிழலில் நின்றார். அவருடைய கை நின்ற விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, காகிதத்தைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் இதே நோய்தான் என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஏனுங்கக்கா, வைட்டமின் மாத்தரை சாப்பிட்டா இது கொணமாகுதுன்னு யூடியூப்புல சொல்றாங்க. மாசம் காசு நெறைய ஆகுதுங்க, அப்பா வேண்டாங்கறாரு. நெசமாலுமே கேக்குதுங்களா?"

கேட்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது. கை அடங்கினதை நான் கண்ணால் பார்த்தவள்தானே. ஆனால் என் வீட்டுக்காரர் சாப்பிட்டது எதை? கேட்கவில்லை என்று சொல்லவும் எனக்குத் தெரியாது. இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் மதுரையில் அந்தப் பெண் மாதா மாதம் எல்லோர் தோளையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது, அதைத்தான் இவர்கள் இரண்டு பேரும் என் வீட்டுக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டே கலக்கி வைத்திருக்கிறார்கள். "தெரியலம்மா" என்று சொல்லி, காகிதத்தை மடித்துக் கொடுத்தேன். அவள் அப்பாவைக் கைப்பிடித்து ரோட்டைத் தாண்ட வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டாக்டர் வழக்கம்போல, "வேற ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, எதுவும் சாப்புடுறாரா?" என்று கேட்டார். இவர் இல்லையென்று தலையாட்டினார். நான் சொல்லிவிட்டேன். மண்டிக்காரரும் பக்கத்தில்தான் இருந்தார். யாரையும் பார்க்காமல், டாக்டர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். பிறகு, மாத்திரையைத் தொடர்ந்து தர முடியாது என்றும், ஆனால் கடைசிவரை இரண்டு பேரும் வந்து கையையும் காலையும் காட்ட வேண்டும், ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களை நடுவில் விட்டுவிட முடியாது என்றும் சொன்னார். "சொன்னது நல்லதும்மா" என்றார் என்னிடம். டப்பாக்கள் இரண்டையும் நர்ஸ் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்காரவில்லை. மண்டிக்காரர் மட்டும் திண்டுக்கல்லில் இறங்கும்போது, "அக்கா செஞ்சது செரிதானுங்க" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் காப்பிக்கு வரவில்லை.

மாத்திரையை நிறுத்திக் கொஞ்ச வாரம்தான் ஆகியிருக்கும், கை பழையபடி ஆட ஆரம்பித்தது. என் மேல் உள்ள கோபத்தில் வேண்டுமென்று ஆட்டுகிறாரோ என்றுகூட நினைத்தேன், அவ்வளவு மோசமாக ஒரு மனைவி நினைக்கலாமா என்றால் நினைக்கத்தான் செய்தேன். தூங்கும்போது அடங்கியிருக்கும், விழித்ததும் ஆடும். பழைய மாத்திரையை மணி தவறாமல்தான் போட்டார், சாப்பாட்டுக்கு முன்னால்தான் போட்டார். பயனில்லை. சந்தைக்குப் போவது நின்றது. வியாழக்கிழமை நாற்காலி மறுபடியும் வாசலுக்கு வந்தது.

சண்டை போட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லை, திருப்பிப் போட்டிருப்பேன். அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பொத்தான் போட முடியாமல் நின்றவருக்கு நான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். "நல்லா இருந்த கைய வாங்கிட்ட புள்ள" என்றார், சத்தமில்லாமல். நான் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, அதே வைட்டமின், அதே பெயர் போட்ட மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். ஆராய்ச்சியில்தான் கலக்கக் கூடாது, இப்போது அவர் சாப்பிட என்ன தடை என்று டாக்டரிடமும் கேட்டுக்கொண்டுதான் வாங்கினேன். இவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நாள் எனக்காகச் சாப்பிட்டார். "இது கடைச் சரக்கு" என்று சொல்லி ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஆராய்ச்சி முடிந்து, எல்லோருடைய கணக்கையும் பார்த்து முடித்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். மண்டிக்காரரின் மகனும் கூட வந்திருந்தார், அப்பாவுக்கு இப்போது துணையில்லாமல் வர முடியவில்லை. நான் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். யாருக்கு நல்லது வந்தது, நான் இவரிடமிருந்து எதைப் பிடுங்கினேன்.

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்ததில், வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "உங்க ரெண்டு பேருக்குமே வந்தது வெறும் மாத்திரைதான்" என்றார்.

முதலில் சிரித்தது மண்டிக்காரர். "காலிக் கூடையவா இத்தன நாளாப் பங்கு போட்டோமுங்க?" என்று சிரித்தார். மகனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமாக ஒரு மனிதனின் கையைப் பிடுங்கியவளாக அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தேன். நான் எதையும் பிடுங்கவில்லை. அந்த டப்பாவில் ஒன்றுமே இருக்கவில்லை. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சந்தையில் ஒரு ஆட்டின் பல்லைப் பார்க்கும்போது இருக்கிற முகம் அவருக்கு.

"அந்த வெறும் மாத்தரைக்குள்ள என்னம்மா இருக்கும்?" என்றார்.

"மாவு மாதிரி ஒண்ணுங்கய்யா. மருந்து எதுவும் இல்ல."

"கெடுதல்?"

"கெடுதல் இல்ல."

"அப்ப எனக்கு அதையே எழுதிக் குடுங்க. எனக்கு அது கேட்டுச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். மாத்திரையை நேரத்துக்குப் போட்டது, மாதா மாதம் வந்து நடந்து காட்டியது, நம்பிக்கை, நல்ல சிநேகிதம், இதெல்லாமே கையை அடக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த மாத்திரை கடையில் கிடைக்காது, தன்னாலும் எழுத முடியாது என்றார்.

"இனி எழுதிக் குடுத்தாலும் கேக்காதுங்க" என்றார் மண்டிக்காரர். "வெத்துன்னுதான் தெரிஞ்சு போச்சுங்களே."

"இப்பக் கேக்காது" என்றார் இவர். "நடுவுல நிறுத்தாம இருந்தா கடைசி வரைக்கும் கேட்டுருக்கும்ல?"

டாக்டரிடம் சொல்வதுபோல்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை. உள்ளபடியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்த்தார்.

பஸ் கொடைரோடு தாண்டிய பிறகுதான் அவருக்குப் பதில் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், என் பக்கத்து சீட்டில்தான். "கேட்டுருக்கும்" என்றேன். அவர் தலையாட்டினார்.